பாடம் செய்த வாத்தில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பங்குனி மாதம். பள்ளத்தூரிலிருந்து ஒரு வீட்டார் தாங்கள் ஆசையாய் வளர்த்துச் செத்துப்போன மணிலா வாத்தைக் கொண்டுவந்தார்கள். நல்ல ஆண் வாத்து, நாலரைக் கிலோ. தோலை உரித்து, உயிரோடு நிற்பது போலப் பாடம் செய்து சித்திரையில் கொடுத்தேன். ஆவணியில் அதே வாத்து திரும்பி வந்தது. வெள்ளை மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. வெள்ளைப் பணியாரத்தை எடுத்து வைத்த காகிதத்தில் எண்ணெய் ஊறுமே, அப்படி. தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டியது. முகர்ந்தால் காறல் வாசனை.

அன்றைக்கு நான் செய்த தவறு ஆவணியில் நடக்கவில்லை, பங்குனியிலேயே நடந்துவிட்டது. மார்பின் ஓரத்தில் கொழுப்பை முழுதாக எடுக்காமல் விட்டிருந்தேன். வாத்து வேலையில் கோளாறு தெரிகிற நாள் ஒன்று, உண்டான நாள் வேறொன்று. பெரும்பாலும் முதல் நாளே உண்டாகிவிடுகிறது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் எங்கே பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் முக்கியமாக எழுதியிருக்கிறேன். கல்லூரி விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த காலத்திலும், அதற்குப் பிறகு காரைக்குடியில் வீட்டிலேயே செய்கிற இந்தக் காலத்திலும் பழகிக் கற்றது இது.

கத்தியை எடுப்பதற்கு முன் ஒன்று. நாம் பேசுவது வளர்ப்பு வாத்துகளைப் பற்றி மட்டும்: நாட்டு வாத்து, காக்கி கேம்பல், வெள்ளைப் பெக்கின், மணிலா, கூஸ் வாத்து. கண்மாயில் இறங்கும் சிறகி, புள்ளிமூக்கு வாத்து, நாமக்கோழி எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. சுட்டால்தான் குற்றம், செத்துக் கிடந்ததை எடுத்தால் குற்றமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. செத்துக் கிடந்தாலும் அது அரசின் சொத்து. கையில் எடுத்தவர் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி 1977-லிருந்து பறவைகள் சரணாலயம். அங்கே வந்து தங்கும் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அந்த ஊர்க்காரர்கள் காக்கும் பறவையின் மேல் நம் கத்தி படக் கூடாது. என்னிடம் யாராவது அப்படிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இன்னொன்று. ஒரே பண்ணையில் பல வாத்துகள் அடுத்தடுத்துச் செத்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். நல்ல வாத்தாக இருந்தாலும் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள்.

வயிற்று இறகு கொத்துக் கொத்தாக உருவி வருகிறது

வயிற்று இறகை மெல்ல விலக்கித் தோலைப் பாருங்கள். பச்சை பூத்திருக்கிறதா? மேல்தோல் ஈரத்தாள் போல வழுக்கிக்கொண்டு வருகிறதா? அப்படியானால் அழுகல் தொடங்கிவிட்டது. இறகின் வேர் பிடிப்பு இழந்துவிட்டது. எந்த மருந்தும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

கைப்பிடி அளவு இடம்தான் கெட்டிருக்கிறது என்றால் காப்பாற்றப் பார்க்கலாம். தோலை உரித்ததும் அந்த இடத்தின் உள்பக்கத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒற்றுங்கள். தேய்க்க வேண்டாம். உதிர்ந்த இறகுகளை வரிசை மாறாமல் ஒரு தாளில் அடுக்கி வையுங்கள். உருவம் காய்ந்த பிறகு அவற்றை ஃபெவிகால் தொட்டு ஒட்டலாம். ஓடு வேய்வது போலத்தான்: வால் பக்கத்து வரிசையில் தொடங்கித் தலைப்பக்கம் ஏறி வர வேண்டும். தலைகீழாகத் தொடங்கினால் ஒவ்வொரு இறகும் முந்தியதன் மேல் துருத்திக்கொண்டு நிற்கும். வயிறு முழுக்க உருவினால் விட்டுவிடுங்கள். இறக்கையையும் வாலையும் மட்டும் எடுத்துப் பாடம் செய்து பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம்.

காரணம் நம் ஊர் வெயில். வாத்தின் அடர்ந்த பஞ்சு இறகு உடம்புச் சூட்டை வெளியே விடாது. உயிரோடு இருக்கும்போது குளத்துக் குளிரைத் தாங்க வைத்த அதே போர்வை, செத்த பிறகு உள்ளேயே வேகவைத்துவிடுகிறது. கத்திரி வெயிலில் காலையில் செத்த வாத்தைச் சாயங்காலம் வரை திண்ணையில் வைத்திருந்தால் அது முடிந்த கதை. செத்தவுடன் வாயிலும் தொண்டையிலும் எச்சத் துவாரத்திலும் பஞ்சு அடைத்து, இறகைத் தடவிப் படிய வைத்து, தலையை இறக்கைக்கு அடியில் மடக்கி, காற்றுப் போகாத பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். குடலை எடுக்க வேண்டாம், கழுவ வேண்டாம். கால்களை மட்டும் ஈரத்துணியில் சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஃப்ரீசர் காற்று பாதச் சவ்வை உறிஞ்சி அப்பளம் போலாக்கிவிடும். வெளியே எடுக்கும்போது ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு ராத்திரி முழுக்க வைத்து மெதுவாக இளக விடுங்கள். அவசரத்துக்கு வெந்நீரில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இறகு பிடுங்குவதற்குச் செய்கிற வேலை.

இறகு உருவுகிறது, ஆனால் தோல் நன்றாகத்தான் இருக்கிறது என்றால் இறகின் அடித்தண்டைப் பாருங்கள். நீலம் பாய்ந்த மெல்லிய உறைக்குள் ரத்தம் தெரிந்தால் அது குருத்து இறகு. வாத்து இறகு மாற்றும் சமயம். மற்ற பல பறவைகள் போலில்லாமல் வாத்து இறக்கையின் பெரிய இறகுகளை ஒரே சமயத்தில் உதிர்த்துவிடும். அந்தச் சமயத்து வாத்தைப் பாடம் செய்து நன்றாக வந்து நான் பார்த்ததில்லை.

தலை தோலுக்குள் திரும்பி வர மறுக்கிறது

கோழியில் கழுத்துத் தோலைச் சட்டைக் கை போலத் திருப்பிக்கொண்டே போனால் தலை வந்துவிடும். வாத்தில் கழுத்து ஒல்லி, மண்டை பெரிசு. இழுத்தால் கிழியும், அல்லது கழுத்து ரப்பர் போல நீண்டுவிடும். இழுக்காதீர்கள். பின்மண்டையிலிருந்து பிடரி வழியாக ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ கீறி, அந்த வழியாக மண்டையை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். மூளை, கண், நாக்கு, தாடைச் சதை எல்லாம் எடுத்த பின் உள்ளே வைத்து நெருக்கமாகத் தைத்தால், பிடரி இறகு தையலை மூடிவிடும். மணிலாவுக்கு இது கட்டாயம்.

மார்பில் எண்ணெய்க் கறை, காறல் வாசனை, தோல் பழுப்பாகி நொறுங்குகிறது

இதுதான் முக்கியமான இடம். நிதானமாகப் படியுங்கள்.

வாத்துத் தோலை உரித்து உள்பக்கம் திருப்பிப் போட்டால் தோலே தெரியாது. மஞ்சளும் வெள்ளையுமாய்க் கொழுப்புதான் தெரியும். அதற்குள்ளே இறகின் வேர்கள் வரிசை வரிசையாக, நாற்று நட்ட மாதிரி நிற்கும். மேலே படர்ந்த கொழுப்பைச் சுரண்டுவது சுலபம். வரிசைகளுக்கு நடுவே புதைந்திருக்கும் கொழுப்புதான் பிறகு பழி வாங்கும். தோல் காய்ந்ததும் அது மெல்ல உருகி வெளியே கசிகிறது. கசிந்தது காற்றுப் பட்டுக் காறிப்போகிறது. காறிய கொழுப்பு அமிலமாகித் தோலை அரிக்கிறது. நாலைந்து வருஷத்தில் தோல் பிஸ்கட் போல நொறுங்கி, இறகு தோலோடு பெயர்ந்து விழும். நம் ஊர்ச் சூட்டில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

புலித்தலையையும் சிறுத்தைத் தோலையும் பாடம் செய்து பெயர் வாங்கியவர்கள் மைசூரு வான் இங்கென் நிறுவனத்தார். அவர்கள் வேலையைப் பார்த்துவிட்டு ‘தோலைப் பதனிட்டால் போதுமே’ என்று சில பேர் கேட்கிறார்கள். விலங்குத் தோல் தடிப்பு, பதனிட்டால் தாங்கும். பறவைத் தோல் வெங்காயச் சருகு. வாத்தில் நீங்கள் செய்யப்போகிற வேலையில் முக்கால் பங்கு பதனிடுவது அல்ல, கொழுப்பெடுப்பது.

எடுக்கும் முறை: தோலை உள்பக்கம் வெளியே தெரிய ஒரு வழுவழுப்பான உருட்டுக் கட்டையின் மேல் போர்த்துங்கள். மழுங்கிய கத்தியாலும் சிறு கம்பி பிரஷ்ஷாலும் வரிசைகளுக்கு நடுவே சுரண்டுங்கள். எண்ணெய் வழிய வழிய மக்காச்சோள மாவையோ மரத்தூளையோ தூவி உறிஞ்சி உதறுங்கள். தேக்குத் தூள் மட்டும் வேண்டாம். காரைக்குடியில் எந்தப் பட்டறையிலும் சும்மாவே கிடைக்கும், ஆனால் ஈரம் பட்டதும் அதன் சாயம் வெள்ளை இறகில் இறங்கிவிடும். அதிகம் செய்கிறவர்கள் கிரைண்டர் மோட்டாரில் வட்டக் கம்பி பிரஷ் பொருத்திக்கொள்ளலாம். வேலை கால்வாசி நேரத்தில் முடியும். ஆனால் தோலை அழுத்தினால் ஒரு நொடியில் ஓட்டை விழும், கண்ணாடியும் கட்டாயம் போட வேண்டும். கையால் செய்தால் நாட்டு வாத்துக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது, மணிலாவுக்கு மூன்றரை.

மூன்று இடம் விட்டுப்போகும். தொடை சேரும் மடிப்பு ஒன்று. இறக்கைக்கு அடியில் அக்குள் இன்னொன்று. மூன்றாவது வாலடி. வாலுக்கு மேலே இரண்டு புடைப்பாக எண்ணெய்ச் சுரப்பி இருக்கும். வாத்து அலகால் தொட்டுத் தொட்டு இறகெல்லாம் பூசிக்கொள்ளுமே, அந்த எண்ணெய் இங்கிருந்துதான் வருகிறது. அதை முழுதாக வெட்டி எடுக்க வேண்டும். அதே சமயம் வால் இறகின் வேரை வெட்டிவிடக் கூடாது, வெட்டினால் வால் தனியே வந்துவிடும். வேர்களுக்கு இடையே நுனிக் கத்தரிக்கோலால் நுணுக்கி நுணுக்கி எடுங்கள்.

போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தோலை விளக்குக்கு முன் தூக்கிப் பிடியுங்கள். சுத்தமான இடம் எண்ணெய்த்தாள் போல ஒரே சீராக வெளிச்சம் விடும், இறகு வேர்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். மங்கலாகத் திட்டுத் திட்டாகத் தெரிகிற இடத்தில் கொழுப்பு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தூர் வாத்தில் அன்று நான் இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டேன். மின்சாரம் போயிருந்தது, பார்த்தவரை போதும் என்று முடித்துவிட்டேன்.

ஏற்கெனவே கறை வந்துவிட்ட வாத்துக்கு: பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனைப் பஞ்சில் தொட்டு, இறகின் போக்கிலேயே கறையை ஒற்றி ஒற்றி எடுங்கள். பஞ்சை அடிக்கடி மாற்றுங்கள். இறகு ஈரமாக இருக்கும்போதே சோளமாவை அடர்த்தியாகத் தூவி மூடுங்கள். அது உறிஞ்சிக் காய்ந்ததும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். மூன்று நான்கு தரம் ஆகும். வீட்டுக்குள் செய்யாதீர்கள். திறந்த வெளியில், அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்யுங்கள், அது சட்டென்று தீப்பிடிக்கும். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் இது கறையைத்தான் நீக்கும், ஊற்றை அடைக்காது. உள்ளே கொழுப்பு இருக்கிற வரை ஒன்றிரண்டு வருஷத்தில் மறுபடி வரும். பள்ளத்தூர் வாத்துக்குத் தையலைப் பிரித்து, தோலை ஈரத்துணியில் இளக்கி, மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். தோல் இன்னும் நொறுங்கத் தொடங்காததால் முடிந்தது.

இறகெல்லாம் மழையில் நனைந்த கோழி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கிறது

மூன்றில் ஒன்றுதான் காரணம்: சோப்பு போகவில்லை, கொழுப்பு போகவில்லை, அல்லது அடிப்பஞ்சு காயவில்லை.

கொழுப்பு எடுத்த தோலைக் கழுவியே ஆக வேண்டும். ரத்தக்கறை இருந்தால் முதலில் பச்சைத் தண்ணீரிலேயே உப்புப் போட்டு ஊறவைத்து எடுங்கள். வெந்நீர் பட்டால் ரத்தம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் விம் திரவம் கலந்து, 15 நிமிடம் ஊறவைத்து, இறகின் போக்கில் கோதிக் கழுவுங்கள். மறுபடி புதுத் தண்ணீர், மறுபடி விம். மூன்றாவது தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கவில்லை என்றால் போதும். அலசும்போது நுரை ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது. எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் அலசினால் இறகு மங்கிச் சொரசொரப்பாகிறது. கடைசி அலசலுக்கு மட்டும் சம்பை ஊற்றுத் தண்ணீரை ஒரு குடம் பிடித்து வைத்துக்கொள்வேன். மழைத் தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது.

பிறகு துண்டில் சுற்றி அழுத்திப் பிழியுங்கள், முறுக்க வேண்டாம். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து, காற்றை இறகின் போக்குக்கு எதிராக அடித்து, விரலால் உசுப்பிக்கொண்டே இருங்கள். மேல் இறகு காய்ந்ததும் பார்க்க அழகாகிவிடும். அங்கேதான் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். மேல் இறகை ஊதி விலக்கி அடிப்பஞ்சைப் பாருங்கள். கயிறு கயிறாகத் திரிந்திருந்தால் இன்னும் ஈரம். ஒவ்வொரு நூலும் தனித்தனியாகப் பிரிந்து பஞ்சு புசுபுசுவென்று எழும்ப வேண்டும். வாத்துக்கு அந்த உருண்டைத் திரட்சியைக் கொடுப்பதே அந்தப் பஞ்சுதான். இந்த வேலையின்போது தோலின் உள்பக்கம் காய்ந்துவிடப் பார்க்கும். அவ்வப்போது ஈரப்பஞ்சால் தொட்டுக்கொள்ளுங்கள்.

தோல் காய்ந்து உருவம் நின்ற பிறகு ஒட்டல் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் ஸ்பிரிட்டால் நனைத்து மறுபடி ஊதிக் காயவைத்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி சரியாகும்.

வால் இறகோ இறக்கை இறகோ வளைந்து மடங்கியிருந்தால் இட்லிச் சட்டி ஆவியில் சில விநாடி காட்டி விரலால் நீவிவிடுங்கள். நிமிர்ந்துகொள்ளும். முறிந்தது நிமிராது.

கழுத்து நீண்டு போய்விட்டது, வாத்து முன்னால் விழுகிறது, இறக்கை தொங்குகிறது

இவை அளவு எடுக்காததால் வருபவை. உரித்த உடம்பைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு தாளில் வைத்து பக்கவாட்டிலும் மேலிருந்தும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மார்புச் சுற்றளவு, கழுத்தின் நீளம், கழுத்து உடம்பில் சேரும் இடம் மூன்றும் வேண்டும். ஈரத்தோல் இழுத்த இழுப்புக்கு நீளும். அதற்குத் தகுந்தபடி கழுத்தை நிரப்பினால் வாத்து நீள்கழுத்துப் பாம்புத்தாரா ஆகிவிடும். எழுதி வைத்த அளவை நம்புங்கள், தோலை நம்பாதீர்கள்.

உடம்பைத் தெர்மாகோலில் செதுக்கலாம். மெல்லிய மரச்சீவலை நூலால் இறுகச் சுற்றியும் செய்யலாம். வைக்கோல் வேண்டாம், அது பூச்சியை வரவழைக்கும். காலுக்கு 10 கேஜ் ஜி.ஐ. கம்பி, கழுத்துக்கு 12, இறக்கைக்கு 14. மணிலாவுக்குக் காலில் 8 போடுவேன். முன்னால் விழுகிற வாத்தைப் பலகையில் அறைந்து நிறுத்தப் பார்க்காதீர்கள். வாத்தின் கால் உடம்பில் பின்தள்ளித்தான் இருக்கும், அதனால் நிற்கும்போது மார்பை நிமிர்த்திக்கொள்ளும். உடம்பைக் கோழி போலப் படுக்கையாக வைத்தால் பாரம் முன்னால் போய்விடும். மார்பை உயர்த்துங்கள், தானாக நிற்கும்.

இறக்கைக்கு ஒரு நுட்பம். உயிருள்ள வாத்தை ஊரணிக் கரையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். விலாப்புற இறகு மேலே ஏறி, மடித்த இறக்கையின் கீழ் ஓரத்தை ஒரு பை போல மூடிக்கொண்டிருக்கும். பாடம் செய்தவற்றில் பெரும்பாலும் இறக்கை மேலே ஒட்டவைத்தது போலத் தனியாகத் தெரிகிறது. இறக்கையைக் குண்டூசியால் நிறுத்தியதும் விலா இறகை ஊசியால் தூக்கி அதன் மேல் விட்டு, மெல்லிய நூலால் தளர்வாகச் சுற்றிக் காயவையுங்கள். இது ஒன்றே பாதி உயிரைக் கொண்டுவந்துவிடும்.

அலகு சுருங்குகிறது, பாதம் சுருளுகிறது, நிறம் போய்விட்டது

இது யாருக்கும் நடக்கும், தவறு என்று எண்ண வேண்டாம். வாத்தின் அலகு முழுக்கக் கொம்பு அல்ல, எலும்பின் மேல் மெல்லிய தோல். காயும்போது அது வற்றும், ஆரஞ்சும் பச்சையும் ஒரு வாரத்தில் சாம்பலாகும். அதனால்தான் வாத்து கிடைத்த அன்றே அலகையும் காலையும் கண்ணையும் பகல் வெளிச்சத்தில் படம் பிடிக்கச் சொல்கிறேன். பிறகு குழாய் ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசையை மெல்லப் பூசி வற்றிய இடத்தை நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் தீட்டலாம். ஒரே நிறத்தைக் கெட்டியாக அடிக்காமல், நீர்க்கத் தொட்டுத் தொட்டுப் பல அடுக்காகத் தீட்டுங்கள்.

பாதத்தின் விரல்களில் ஊசிவழியாக 10 சதவீத ஃபார்மலின் ஏற்றி, சவ்வை விரித்து இரண்டு அட்டைகளுக்கு நடுவே குத்தி வைத்தால் சுருளாது. ஃபார்மலின் கெடுதலானது. காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு மட்டும்.

மணிலாவின் முகத்துச் சிவப்புச் சதை தனிப் பாடு. அது காய்ந்தால் கறுத்த மிளகாய் வற்றல் மாதிரி ஆகிவிடும். உள்பக்கச் சதையை எடுத்துவிட்டு எம்-சீலால் திரும்ப உருவாக்குவதைத் தவிர நல்ல வழி எனக்கு அகப்படவில்லை.

மின்விசிறிக்கு நேர் கீழே காயவைத்தால் கண்ணிமையும் வாயோரமும் இழுத்துக்கொள்ளும். முதல் நான்கு நாள் தினமும் இருமுறை போய்ப் பார்த்து, இமையை ஊசி முனையால் திருத்துங்கள். மூன்று வாரம் பொறுங்கள்.

பிணவாடை

காறல் வாசனை வேறு, இது வேறு. எங்கோ சதை மிஞ்சியிருக்கிறது. இறக்கையின் முன்கை எலும்புகளுக்கு நடுவே பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான். அடிப்பக்கம் கீறி எடுத்து, வெண்காரம் நிரப்பித் தையுங்கள். வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஈரத்தோலின் உள்பக்கம் முழுக்க அதைத் தடவுவது வழக்கம். அது பூச்சியைத் தடுக்கும், ஈரத்தை இழுக்கும், ஆனால் சதையைப் பதப்படுத்தாது. வெண்காரம் போட்டோமே என்று சதையை விட்டுவைக்காதீர்கள்.

வெள்ளைப் பூசணம்

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வரும் தொல்லை. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காற்றாட வையுங்கள். அடைமழைக் காலத்தில் புது வேலை தொடங்காமல் இருப்பதே நல்லது. ஃப்ரீசரில் இருக்கட்டும், தை பிறந்ததும் எடுக்கலாம்.

அடியில் பழுப்புத் தூள் உதிர்கிறது, இறகு அரிபட்டிருக்கிறது

பழுப்பாய், ரோமம் முளைத்த அரிசி போன்ற புழுக்களோ அவை கழற்றிப்போட்ட கூடுகளோ தெரிந்தால் தோல்வண்டு. பட்டு நூல் போன்ற கூடு தெரிந்தால் அந்துப்பூச்சி. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே. வாத்தைப் பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் சுற்றி ஃப்ரீசரில் 18 டிகிரி மைனஸில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த இறகில் ஈரம் படிந்துவிடும். பிறகு தூசியைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கண்ணாடிப் பெட்டியில் இடுக்கில்லாமல் மூடி, வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள். வளவு வாசலில், அதாவது நடுமுற்றத்து வெளிச்சத்தில் வைத்தால் பூச்சி வராவிட்டாலும் ஐந்தாறு வருஷத்தில் நிறம் வெளுத்துவிடும்.

பழைய வாத்தாக இருந்தால் மட்டும் இப்படி உடனே கைவைக்காதீர்கள்.

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி கூப்பிட்டு அனுப்பினார்கள். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் மர அலமாரிக்கு மேலே கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சின்ன வாத்து ஒன்று, தலை சாய்ந்து கிடந்தது. “எங்க ஐயா ரங்கூன்லேருந்து கொண்டாந்தது தம்பி. பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்க்குதுக. கழுத்தை மட்டும் நிமித்திக் குடுத்துரு” என்றார்கள்.

பெட்டியைத் திறக்காமல் டார்ச் அடித்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு பூச்சிகூட அண்டவில்லை. கண்ணோரத்திலும் காலடியிலும் வெள்ளைத் துகள் பொடிப்பொடியாகப் பூத்திருந்தது. அதைப் பார்த்ததும் பெட்டியை விட்டு ஓரடி பின்னால் வந்தேன். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஷான்-பாப்டிஸ்ட் பெக்கூர் என்பவர் பறவைத் தோலுக்கென்று ஆர்சனிக் சோப்பு கண்டுபிடித்தார். ஆர்சனிக் என்றால் பாஷாணம். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருநூறு வருஷம் உலகெங்கும் பாடம் செய்கிறவர்கள் அதையே பூசினார்கள். அந்தப் பாஷாணம் ஆவியாகிப் போவதில்லை. நூறு வருஷம் ஆனாலும் இறகிலும் தூசியிலும் அப்படியே இருக்கும். வெள்ளைத் துகள் கண்ணுக்குத் தெரியாததால் விஷம் இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால் 1980-க்கு முந்தைய உருப்படி எதுவானாலும் விஷம் பூசியது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

“ஆச்சி, இதைத் தொட வேண்டாம். பூச்சி வராமலிருக்க அந்தக் காலத்தில் பாஷாணம் பூசியிருப்பாங்க” என்றேன்.

ஆச்சி கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார்கள். “இத்தனை வருஷமா நான்தானப்பா தூசி தட்டுறேன்” என்றார்கள்.

கையுறை, முகக்கவசம் இல்லாமல் இனி யாரும் திறக்கக் கூடாது, ஊதித் தட்டவோ துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது, பெட்டிக்கு வெளியே ஈரத்துணியால் மட்டும் துடைக்கலாம் என்று சொன்னேன். மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளவும் சொன்னேன். வாத்தின் கழுத்தை நிமிர்த்தவில்லை. பெட்டியின் இடுக்குகளைச் சிலிக்கான் பூசி அடைத்து, கதவில் சின்னப் பூட்டு ஒன்று போட்டேன். உள்ளே விஷம் பூசியது என்று ஒரு சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதிப் பெட்டியின் பின்பக்கம் ஒட்டினேன். ஆச்சி அதைப் படித்துவிட்டு, “முன்னாடியே ஒட்டுப்பா, பேரன் பேத்திகளுக்குத் தெரியணும்ல” என்றார்கள். எடுத்து முன்னால் ஒட்டினேன்.